வீட்டிலிருந்து நிரல் எழுதப் போகிறீர்களா? மேசை வாங்கும் முன் அளவுநாடாவை எடுங்கள்

வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கத் தொடங்கியபோது நான் முதலில் வாங்கியது மேசை. அகலமானது, பார்க்க அழகானது. அடுத்து பெரிய திரை. நாற்காலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, வீட்டில் கிடந்த மர நாற்காலியில் உட்கார்ந்தேன். நான்காவது மாதம் வலது தோள்பட்டை வலி தூக்கத்தைக் கெடுத்தது. சுண்டுவிரல் அடிக்கடி மரத்துப்போனது. மேசை என் உடம்புக்கு 13 சென்டிமீட்டர் கூடுதல் உயரம் என்பது அப்போதுதான் தெரிந்தது. திருப்பி அனுப்பும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. நிறுவனம் தருவதாகச் சொன்ன தொகையும் கைக்கு வரவில்லை. ரசீது என் பெயரில் இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இதே வரிசையில்தான் வாங்குகிறார்கள்: கண்ணுக்குப் பட்டது முதலில், உடம்பு தாங்க வேண்டியது கடைசியில். அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. முதலில் உடம்பு, பிறகு நாற்காலி, அதன் பிறகு மேசை, அதற்கும் பிறகு திரை. ஒவ்வொன்றும் முந்தையதன் அளவைப் பொறுத்தது என்பதால் இடம் மாற்றினால் கணக்கு பிசகும்.

1. நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதற்கு ஓர் அளவுநாடாவும், உதவிக்கு ஒருவரும், பத்து நிமிடமும் போதும். மெத்தை இல்லாத கெட்டியான இருக்கையில் நிமிர்ந்து உட்காருங்கள். பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். வேலை பார்க்கும்போது காலணி அணிவீர்கள் என்றால் அதை அணிந்தே அளவெடுங்கள்.

முதல் அளவு, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. இது உங்கள் இருக்கையின் உயரம். இரண்டாவது, தோள்களைத் தளர்த்திக் கைகளைத் தொங்கவிட்டு முழங்கையை மட்டும் மடக்கி, தரையிலிருந்து முழங்கையின் அடிப்பகுதி வரை. மேசையின் உயரத்தை இதுதான் தீர்மானிக்கிறது. மூன்றாவது, தரையிலிருந்து கண் வரை. திரைக்கு இது தேவை. நான்காவது, இடுப்பின் பின்புறத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. இருக்கையின் ஆழத்தை இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

என் அளவுகள் 42, 64, 116, 46 சென்டிமீட்டர். இனி வரும் கணக்குகளை இந்த எண்களை வைத்தே சொல்கிறேன். உங்கள் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். நின்றபடியும் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், நின்ற நிலையில் முழங்கை உயரத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். கடையில் நிற்கும்போது விற்பவரின் பேச்சைவிட இவைதான் உங்களுக்குத் துணை.

2. நிறுவனத்திடம் கேட்பதை எழுத்தில் கேளுங்கள், வாங்குவதற்கு முன்

நான் பணம் இழந்தது இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டு அலுவலகச் செலவுக்குப் பணம் தரும் நிறுவனங்கள் பல உண்டு. ஆனால் "தருவோம்" என்ற ஒரு சொல்லுக்குள் பல நிபந்தனைகள் ஒளிந்திருக்கும். மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி இவற்றைக் கேளுங்கள்: தொகை ஒரே முறையா, ஆண்டுதோறுமா? எந்தெந்தப் பொருள்களுக்குப் பொருந்தும்? வாங்கும் முன் அனுமதி வேண்டுமா? ரசீது யார் பெயரில், எந்த முகவரியில் இருக்க வேண்டும்? வாங்கிய தேதியிலிருந்து எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்? வேலையை விட்டுப் போனால் பொருள் யாருக்குச் சொந்தம்? பழைய பொருள் வாங்கினால் ஏற்றுக்கொள்வார்களா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. நல்ல அலுவலக நாற்காலி புதிதாக வாங்கினால் விலை அதிகம். இடம் மாறும் அலுவலகங்கள் விற்கும் பழைய நாற்காலி பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும். ஆனால் முறையான ரசீது கிடைக்காமல் போகலாம். அப்போது உங்கள் கைப்பணமா நிறுவனத்தின் பணமா என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறிவிடும்.

வரியையும் கேட்டு வையுங்கள். சம்பளத்தோடு சேர்த்துத் தரும் தொகையும், ரசீதுக்கு ஈடாகத் தரும் தொகையும் வரிக் கணக்கில் ஒன்றாகப் பார்க்கப்படாமல் இருக்கலாம். உங்கள் நாட்டு விதி எது என்பதைக் கணக்குப் பிரிவே சொல்லும்.

நிறுவன மடிக்கணினி வைத்திருப்பவர்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் தனியாக ஒன்றைக் கேட்க வேண்டும்: வெளியிலிருந்து வாங்கும் டாக் (திரை, கீபோர்டு போன்ற பலவற்றை ஒரே கேபிளில் மடிக்கணினியோடு இணைக்கும் பெட்டி), ஹெட்செட், கீபோர்டு ஆகியவற்றை அந்தக் கணினி ஏற்குமா? பாதுகாப்புக்காக யுஎஸ்பி கருவிகளைத் தடுத்து வைக்கும் நிறுவனங்கள் உண்டு. சில வகை டாக்குகளுக்கு டிரைவர் மென்பொருள் நிறுவ வேண்டும்; அதற்கான அனுமதி உங்கள் கணக்குக்கு இல்லாமல் இருக்கலாம். வாங்கிய பிறகு இது தெரிந்தால் பயனில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் ரசீது, வாரண்டி அட்டை, பொருளின் பின்புறத்தில் உள்ள வரிசை எண்ணின் படம், அனுமதி வந்த மின்னஞ்சல் ஆகிய நான்கையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடலாம். அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

3. பணத்தை எதற்கு எவ்வளவு?

என் கணிப்பு இது: கையில் உள்ள தொகையில் ஏறக்குறைய பாதி நாற்காலிக்கு. மீதியில் பெரும்பங்கு திரைக்கு. மேசைக்கு மிச்சம் இருப்பது போதும், ஏனென்றால் சரியான உயரத்தில் ஆடாமல் நிற்கும் சமதளப் பலகைதான் மேசை. ஏற்றி இறக்கும் மோட்டார் மேசை வேண்டும் என்றால் மட்டும் இந்தப் பங்கீடு மாறும்.

பணமே இல்லை என்றால்? மடிக்கணினியைக் கண் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். கனமான நான்கு புத்தகங்கள் போதும். தனியாக ஒரு சாதாரணக் கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள். திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதுதான் மடிக்கணினியின் அடிப்படைக் குறை: கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் தோள் தூக்கும். இரண்டையும் பிரித்தாலே பெரும்பகுதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வாரமாவது விடுங்கள். அப்போதுதான் எந்தப் பொருள் வலியைக் குறைத்தது, எது கூட்டியது என்பது தெரியும்.

4. நாற்காலி

இருக்கையின் மிகக் குறைந்த உயரம் உங்கள் முதல் அளவுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். பல நாற்காலிகளின் விவரப் பட்டியலில் அதிகபட்ச உயரத்தையே பெரிதாகப் போடுவார்கள். உயரம் குறைவானவர்களுக்குத் தேவை குறைந்தபட்சம். பாதம் தரையில் படியவில்லை என்றால் இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடியை அழுத்தும். மாலைக்குள் கால் கனத்துவிடும்.

அடுத்து ஆழம். முதுகு சாய்மானத்தில் படிய உட்கார்ந்தபின், இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். என் 46 சென்டிமீட்டருக்கு 42 ஆழமுள்ள இருக்கை சரி. 50 ஆழமுள்ளதில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறது என்று நானே முன்னால் நகர்ந்துவிடுவேன். முதுகுக்குத் தாங்கல் இல்லாமல் போகும். விலையுயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தும் முதுகு வலிக்கிறது என்பவர்கள் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருந்தால் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது.

கீழ்முதுகின் உள்வளைவைத் தாங்கும் பகுதி ஏறி இறங்க வேண்டும். சாய்மானம் 100 முதல் 110 பாகை வரை சாய வேண்டும், அந்த நிலையில் நிற்கவும் வேண்டும். 90 பாகையில் விறைப்பாக உட்காருவதுதான் நல்லது என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். நாள் முழுவதும் அப்படி உட்கார முதுகால் முடியாது. சற்றுச் சாய்ந்தால் உடம்பின் எடையில் ஒரு பகுதியைச் சாய்மானம் ஏற்றுக்கொள்ளும்.

கைப்பிடிகள் உயரம் மாற்றக்கூடியவையாக இல்லை என்றால், கைப்பிடியே இல்லாத நாற்காலி மேல். நிலையான கைப்பிடி மேசை விளிம்பில் முட்டி உங்களை மேசையிலிருந்து தள்ளியே வைத்திருக்கும்.

பந்தயக் கார் இருக்கை போன்ற விளையாட்டு நாற்காலிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அவற்றின் பக்கவாட்டு மடிப்புகள் கார் திரும்பும்போது உடம்பை நழுவாமல் பிடிப்பதற்காக வந்தவை. மேசை முன் உட்காருபவரின் தோளையும் தொடையையும் அவை வெறுமனே நெருக்கும். அதே விலைக்கு நல்ல அலுவலக நாற்காலி கிடைக்கும். அலுவலக நாற்காலிகளுக்கான "பிஐஎஃப்எம்ஏ எக்ஸ்5.1" (அமெரிக்கத் தரம்) அல்லது "இஎன் 1335" (ஐரோப்பியத் தரம்) தரச்சோதனையில் தேறியது என்று விவரத்தில் இருந்தால் நல்ல அறிகுறி. வலிமை, நிலைத்தன்மை போன்றவை சோதிக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். உங்கள் உடம்புக்குப் பொருந்தும் என்று பொருள் இல்லை.

கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். இருபது நிமிடம் உட்காருங்கள். மெத்தென்று இருப்பது முதல் ஐந்து நிமிடத்துக்கு இன்பமாக இருக்கும். மலிவான பஞ்சு எப்படி அமுங்குகிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். பழைய நாற்காலி என்றால், உயரத்தை ஏற்றிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்து, தானாக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் உள்ளே இருக்கும் வாயு உருளை தேய்ந்துவிட்டது. தனியாக மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். சக்கரங்களையும் கவனியுங்கள். வழவழப்பான தரைக்கு மென்மையான சக்கரம், தரைவிரிப்புக்குக் கடினமானது.

5. மேசை

மேசைப் பலகையின் மேற்பரப்பு, முழங்கை உயரத்திலிருந்து கீபோர்டின் தடிமனைக் கழித்தால் வரும் அளவில் இருக்க வேண்டும். எனக்கு 64 கழித்தல் 2.5. ஏறக்குறைய 62 சென்டிமீட்டர். கடைகளில் நிற்கும் சாதாரண மேசைகள் 72 முதல் 75 வரை உயரம். அந்த இடைவெளியைத் தினமும் எட்டு மணி நேரம் என் தோள்பட்டை தூக்கிச் சுமந்தது.

இன்னொரு கணக்கும் போடுங்கள். இருக்கைக்கும் முழங்கைக்கும் நடுவே எனக்கு 22 சென்டிமீட்டர். கீபோர்டு 2.5, பலகை 2.5 போனால் தொடைக்கு மிஞ்சுவது 17. அந்தப் பலகைக்கு அடியில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓர் இழுப்பறை இருந்தால் தொடை உள்ளே நுழையவே நுழையாது. கால் நுழையும் இடத்தில் இழுப்பறை உள்ள மேசையை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே உயரமான மேசை வாங்கிவிட்டவர்களுக்கு மூன்று வழிகள். மரக்கால் என்றால் தச்சரிடம் கொடுத்து அறுக்கலாம். இல்லையென்றால் நாற்காலியை உயர்த்தி, அதே அளவு உயரமுள்ள கால்பலகையைப் பாதத்துக்குக் கீழே வைக்கலாம். அல்லது மேசைக்கு அடியில் கீபோர்டுத் தட்டு பொருத்தலாம். என் மேசைக்கு இரும்புக் கால். தட்டு 8 சென்டிமீட்டரைக் குறைத்தது. மிச்சம் 5 சென்டிமீட்டருக்கு நாற்காலியை ஏற்றிக் கால்பலகை போட்டேன். நாற்காலி ஏறினால் கண்ணும் ஏறும் என்பதை மறக்காதீர்கள். திரையையும் அதே அளவு உயர்த்த வேண்டியிருக்கும்.

ஏற்றி இறக்கும் மேசை வாங்குபவர்கள் எல்லோரும் அது எவ்வளவு உயரம் போகும் என்று கேட்கிறார்கள். எவ்வளவு கீழே வரும் என்று கேளுங்கள். கால் இரண்டு அடுக்காக உள்ளவை பெரும்பாலும் 70 சென்டிமீட்டருக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். மூன்றடுக்குக் கால் உள்ளவை 60-ஐ ஒட்டி இறங்கும். விவரத்தில் சொல்லும் உயரம் பலகையோடு சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நின்ற உயரத்தில் மேசையைத் தட்டிப் பார்த்தால் திரை ஆடுகிறதா என்று தெரியும். ஆடினால் எழுத்துகள் நடுங்கும். முதல் வாரத்தில் ஒரு தடவைக்கு 15, 20 நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். நாள் முழுவதும் நிற்பது நாள் முழுவதும் உட்காருவதற்கு மாற்று ஆகாது. மாறி மாறி இருப்பதில்தான் பலன்.

மேசையின் ஆழம் 70 சென்டிமீட்டராவது இருந்தால்தான் திரையைப் போதிய தூரத்தில் வைக்க முடியும். கண்ணாடி மேசை வேண்டாம்: ஒளியைப் பிரதிபலிக்கும், திரையைத் தாங்கும் கையை அதில் பொருத்துவதும் ஆபத்து.

6. திரை

நாம் படம் பார்ப்பவர்கள் இல்லை. நாள் முழுவதும் சிறிய எழுத்தைப் படிப்பவர்கள். எனவே திரையின் அங்குல அளவைவிட, ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் (பிக்சல்) என்பதைப் பாருங்கள். 24 அங்குலத்தில் 1920×1080 என்றால் 92 புள்ளிகள். 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் 109. அதே 27 அங்குலத்தில் 4கே (3840×2160) என்றால் 163. பொறியில் விழுபவர்கள் 27 அங்குலத்தில் 1920×1080 வாங்குபவர்கள். அதில் 82 புள்ளிதான். நிரலில் அரைப்புள்ளிக்கும் (;) முக்காற்புள்ளிக்கும் (:) வித்தியாசம் தேட வேண்டியிருக்கும்.

27 அங்குல 4கே திரையை 150 விழுக்காடு பெரிதாக்கி வைத்தால், 2560×1440 அளவுக்கு இடமும் கிடைக்கும், எழுத்தும் அச்சிட்ட புத்தகம் போலத் தெளிவாக இருக்கும். நான் பரிந்துரைப்பது இதைத்தான். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் மட்டும், இப்படி முழு எண் இல்லாத அளவில் பெரிதாக்கினால் தங்கள் செயலிகள் மங்கலாகத் தெரிகின்றனவா என்று முன்கூட்டியே சோதியுங்கள்.

இணைப்பில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். யுஎஸ்பி-சி துளை இருந்தாலே காட்சி போகும் என்று நினைக்காதீர்கள். அந்தத் துளை, காட்சியையும் அனுப்பும் வசதியான டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு அல்லது தண்டர்போல்ட் கொண்டதாக இருக்க வேண்டும். கேபிளும் வெறும் சார்ஜ் கேபிளாக இருக்கக் கூடாது. எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே இணைத்தால் நொடிக்கு 30 காட்சிகள்தான். மவுஸை நகர்த்தினால் சுட்டி இழுத்து இழுத்துப் போகும். 60 வேண்டும் என்றால் கணினி, கேபிள், டாக், திரை எல்லாமே குறைந்தது 2.0 ஆக இருக்க வேண்டும். அடிப்படை எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக்குகள் நேரடியாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் இயக்கும். இரண்டு திரை வாங்கும் முன் உங்கள் கணினியின் விவரத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

வைக்கும் இடம்: கை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரம். மேல்விளிம்பு கண் மட்டத்தில், அல்லது சற்றுக் கீழே. இருகுவியக் கண்ணாடியோ புரோகிரசிவ் கண்ணாடியோ அணிபவர்கள் இன்னும் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காகத் தலையை நிமிர்த்தியபடியே இருப்பீர்கள்.

நீளமான பதிவுக் கோப்புகளை (லாக்) படிக்கத் திரையை நெடுக்காக நிறுத்தும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். என் கண் 116, எனக்குப் பொருந்தும் மேசை 62. திரைக்குக் கிடைக்கும் உயரம் 54 சென்டிமீட்டர். 27 அங்குலத் திரையை நெடுக்காக நிறுத்தினால் 60 சென்டிமீட்டர், சட்டத்தைச் சேர்க்காமலே. மேல் வரிகளுக்கெல்லாம் அண்ணாந்து பார்க்க வேண்டும். 24 அங்குலம் 53. அதுவும் மேசையைத் தொட்டபடி நின்றால்தான்.

அகலத் திரை வாங்குபவர்கள், அழைப்பில் முழுத் திரையையும் பகிர்ந்தால் எதிர்முனையில் சிறிய மடிக்கணினி வைத்திருப்பவருக்கு உங்கள் நிரல் எறும்பு வரிசை போலத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். நிரல் திறந்திருக்கும் செயலியின் சன்னலை மட்டும் பகிரப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு திரை என்றால், அதிகம் பார்ப்பது நேர் எதிரே, மற்றது பக்கத்தில்.

திரையைத் தாங்கும் கை வாங்கினால் மூன்றைச் சரிபாருங்கள்: திரையின் பின்புறத்தில் 75×75 அல்லது 100×100 மில்லிமீட்டர் இடைவெளியில் வெசா துளைகள் (கையைத் திருகிப் பொருத்துவதற்கான தர அளவுத் துளைகள்) உள்ளனவா, திரையின் எடை கையின் வரம்புக்குள் இருக்கிறதா, உங்கள் மேசைப் பலகையின் தடிமனை அதன் பிடி கவ்வுமா. துகள்பலகை மேசை என்றால் பிடிக்கு மேலும் கீழும் ஓர் உலோகத் தகடு கொடுங்கள். இல்லையென்றால் பலகை நசுங்கும்.

7. கீபோர்டும் மவுஸும்

இதில் ஆர்வலர்கள் அதிகம், சண்டையும் அதிகம். வலியைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்தவை மூன்றுதான். கீபோர்டின் பின்கால்களை மடக்கியே வையுங்கள். நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். எண்பகுதி இல்லாத குட்டைக் கீபோர்டு வாங்கினால் மவுஸ் உடம்புக்கு அருகில் வரும். என் வலது தோளுக்கு இது பெரிய விடுதலை. மவுஸ் உங்கள் கையின் அளவுக்கு இருக்க வேண்டும். இரண்டாகப் பிரிந்த கீபோர்டு வாங்கினால் பழகும்வரை வேகம் குறையும், ஆகவே வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் அதைத் தொடங்காதீர்கள்.

8. வெளிச்சம்

சன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் கண் கூசும்; பின்னால் இருந்தால் திரையில் எதிரொளிக்கும், அழைப்பில் உங்கள் முகமும் இருண்டு போகும். எழுதும், படிக்கும் இடத்துக்கு 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) வேண்டும் என்று ஐரோப்பியத் தரம் இஎன் 12464-1 சொல்கிறது. கைப்பேசிச் செயலியில் தோராயமாக அளந்து பார்க்கலாம்.

திரையின் ஒளியளவைச் சரிசெய்ய எளிய வழி உண்டு. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, வெள்ளைத் தாளை அருகில் பிடியுங்கள். திரை விளக்கு போல எரிந்தால் குறையுங்கள், சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கூட்டுங்கள். காலையிலும் இரவிலும் இது மாறும். கண் உலர்வதற்குக் காரணம், திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுவதுதான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை, 20 நொடி பாருங்கள்.

9. ஒலி

சுற்றுச்சத்தத்தை அடக்கும் ஹெட்போன் உங்கள் காதுக்குத்தான் அமைதி தரும்; உங்கள் அறைச் சத்தம் மற்றவர்களுக்குப் போவதை அது தடுப்பதில்லை. அதற்கு, வாய்க்கு அருகில் வரும் மைக் வேண்டும். புளூடூத் ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ஒலித்தரம் சட்டென்று இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலான கருவிகள் பேச்சுக்கான தாழ்ந்த தரத்துக்கு மாறுவதால் அது நடக்கிறது. தினமும் அழைப்புகள் இருந்தால் கம்பி ஹெட்செட்டே நல்லது, விலையும் குறைவு. அறை எதிரொலித்தால் திரைச்சீலையும் நிறைந்த புத்தக அலமாரியும் உதவும்.

10. இணையமும் மின்சாரமும்

இணைப்பு வாங்கும்போது பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும் கேளுங்கள். அழைப்பில் உங்கள் முகம் உறைவதும், கோப்புகளை மேலேற்ற நேரம் ஆவதும் பெரும்பாலும் பதிவேற்றக் குறைவால்தான். முடிந்தால் ரவுட்டரிலிருந்து மேசை வரை கேபிள் இழுத்துவிடுங்கள். கேட் 5இ வகை இணையக் கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு ஜிகாபிட் தாங்கும். வைஃபைதான் வழி என்றால், இணைப்பு தடுமாறும்போது ரவுட்டருக்கு ஒரு பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை), வெளியில் உள்ள ஒரு முகவரிக்கு ஒரு பிங் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். ரவுட்டருக்கான பிங்கே எகிறினால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. சேவை நிறுவனத்தோடு மணிக்கணக்கில் பேச வேண்டியதில்லை.

மடிக்கணினிக்கு உள்ளேயே பேட்டரி இருக்கிறது. மின்தடையில் முதலில் சாவது ரவுட்டர்தான். எனவே அதற்கு ஒரு சிறிய யுபிஎஸ் போதும். மேசைக்கணினி வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணை நம்பாதீர்கள். வாட் எண்ணைப் பாருங்கள். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட் அளவில்தான் தாங்கும். நீட்டிப்புப் பலகையில் இன்னொரு நீட்டிப்புப் பலகையைச் செருகவே செருகாதீர்கள்.

11. முதல் இரண்டு வாரம்

பொருள் வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கடைசி நாளை நாட்காட்டியில் குறியுங்கள். அதற்கு மூன்று நாள் முன்பு ஒரு நினைவூட்டல் வையுங்கள். அந்தக் கெடு ஆர்டர் போட்ட நாளிலிருந்தா, கைக்கு வந்த நாளிலிருந்தா என்பதையும், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் விதியில் படியுங்கள். நாற்காலி போன்ற பெரிய பொருளைத் திருப்பி அனுப்ப விலையில் கணிசமான பங்கு போய்விடும். அட்டைப்பெட்டியை அதுவரை தூக்கிப் போடாதீர்கள். நாற்காலியைப் பூட்டும்போது எடுத்த படங்கள் திரும்பப் பிரிக்க உதவும்.

புதிய நாற்காலியில் முதல் சில நாள் உடம்பு புதிதாக எங்காவது வலிக்கும். பழைய கோணலுக்குப் பழகிய தசைகள் மாறிக்கொள்ள நேரம் வேண்டும். நாளுக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், ஒரு சென்டிமீட்டர் அளவில். எந்த நாள் எதை மாற்றினீர்கள், மாலையில் எங்கே வலித்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பிடித்த நிலை கிடைத்ததும், நாற்காலித் தண்டிலும் திரையின் கையிலும் ஒரு சிறிய ஒட்டுநாடாவால் அடையாளம் போட்டுவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது உட்கார்ந்து மாற்றினாலும் திரும்பி வரலாம்.

இரண்டு வாரம் கழித்தும் வலி குறையவில்லை என்றாலோ, விரல் மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, இன்னொரு பொருள் வாங்கத் தேடாமல் மருத்துவரிடம் போங்கள். நான் அந்த மரத்துப்போதலைப் பல வாரம் புது மவுஸ் வாங்கிச் சரிசெய்யப் பார்த்தேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "முழங்கையை எங்கே ஊன்றுகிறீர்கள்?" என்பதுதான். கூரான மேசை விளிம்பில், நாள் முழுவதும். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு முழங்கையின் உட்புறத்தில் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. மருத்துவரிடம் போகும்போது, நீங்கள் வேலை செய்து கொண்டிருக்கையில் பக்கவாட்டிலிருந்து வேறொருவர் உங்களுக்குத் தெரியாமல் எடுத்த படம் ஒன்றைக் கொண்டு போங்கள். படம் எடுப்பது தெரிந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.